அட்டை மிஷினுக்கு வைத்த பொட்டு

இந்த ஊரில் படி இறங்குவதற்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். ஜெர்மனியில் அட்டைப்பெட்டி செய்யும் ஓர் ஆலையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என்னை ஓர் இரும்புப் படிக்கட்டின் உச்சியில் நிறுத்தினார்கள். கைப்பிடியைப் பற்றச் சொன்னார்கள். ஒவ்வொரு படியாக இறங்க வைத்து, கீழே வந்ததும் "நன்றாக இருந்தது" என்று பாராட்டி, எனக்குப் படி இறங்கத் தெரியும் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். போட்ட பிறகுதான் நிஜமாகவே எனக்குப் படி இறங்கத் தெரியுமா என்ற சந்தேகம் வந்தது. அன்று மாலை கிட்டா என்று இங்கே சொல்லப்படும் பாலர் பள்ளியிலிருந்து மகளை அழைத்து வரும்போது, நானும் மூன்று வயது யாழினியும் கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக, இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து வைத்து இறங்கினோம். பின்னால் வந்த ஒரு கிழவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்.

தா.பழூரில் இருக்கும் அம்மாவிடம் இதைப் போனில் சொன்னேன்.

"ஏண்டி கயலு, பி.எஸ்சி. படிச்ச புள்ளைக்குப் படி எறங்கத் தெரியாதுன்னா நெனச்சுக்கிட்டாங்க?"

"பாதுகாப்புக்கும்மா. விழுந்துட்டா என்ன பண்றது?"

"விழுந்தா எந்திரிக்கறது. அதுக்கு ஒரு கையெழுத்தா?"

இந்தப் பயிற்சிகளுக்கு உண்டர்வைசுங் என்று பெயர். காதடைப்பு எப்படிச் செருகுவது, பெட்டியை எப்படி முழங்கால் மடக்கித் தூக்குவது, இரும்பு முனை வைத்த பூட்ஸை எப்படி முடிச்சுப் போடுவது என்று ஒவ்வொன்றுக்கும் உண்டு. கூடவே ஒரு சிறு புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் ஒரு கோட்டுச்சித்திர மனிதன் வழுக்கி விழுகிறான், விரலை நசுக்கிக்கொள்கிறான், தலையில் எதையோ வாங்கிக்கொள்கிறான். அவனுக்கு நல்ல நாளே கிடையாது. அகராதியை வைத்துக்கொண்டு நான் அந்தப் புத்தகத்தை மூன்று முறை படித்தேன். என் கணவர் செந்தில் அதைப் பார்த்துவிட்டு, "உனக்கு ஏத்த ஊருக்குத்தான் வந்திருக்கோம். நீ ஓசியில பயந்துக்கிட்டு இருந்த, இவங்க பயப்படறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க" என்றார். தப்பில்லை. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வருகிறவள் நான். அரியலூர்க் கல்லூரிக்குப் போன மூன்று வருடமும், சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் எங்கள் பஸ் போகும்போதெல்லாம், மேலே இருக்கும் அந்தப் பெரிய கல் உருளுமா உருளாதா என்று அரியலூர் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு போனவள்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அப்பா தா.பழூரில் ஒரு அரிசி மில்லில் மிஷின் ஓட்டுகிறார். அம்மா அதே மில்லில் களத்தில் நெல் காயவைக்கிறாள். நான் ஏழாவது படிக்கும்போது ஒருநாள், உமி கூட்டப் போன அம்மாவின் முந்தானையை ஓடிக்கொண்டிருந்த பெல்ட் பிடித்துக்கொண்டது. மோட்டாரை நிறுத்தினாலும் பெல்ட் உடனே நிற்காது. அப்பா மூங்கில் கழியை எடுத்து பெல்ட்டை ஒரே தட்டாகப் புல்லிச் சக்கரத்திலிருந்து தட்டிவிட்டார். சேலை முழுக்க மிஷினோடு போனது. அம்மா ஒரு நெல் சாக்கைச் சுற்றிக்கொண்டு நின்றாள். இதை அவள் எந்தக் கல்யாண வீட்டிலும் சொல்லாமல் விடமாட்டாள். "தீபாவளிச் சேலைடி! மிஷினு கட்டிக்கிட்டுப் போயிட்டுது. நான் சாக்கக் கட்டிக்கிட்டு வூட்டுக்கு வரேன், தெருவுல ஒருத்தி கேக்கறா, என்னக்கா புதுசா இருக்கேன்னு!" எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அப்பா மட்டும் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். வெயிலுக்காகச் சேலைமேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஏற்கெனவே உண்டு. அந்த நாளிலிருந்து மில்லுக்குள் வரும் பெண்கள் அத்தனை பேரும் முந்தானையைச் செருகி, மேலே சட்டை போட்டு, பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டார்கள். உண்டர்வைசுங் எதுவும் நடக்கவில்லை. கையெழுத்தும் யாரும் வாங்கவில்லை.

அந்த மில்லில் நான் மிஷினைத் தொடலாம் என்றிருந்த ஒரே நாள் ஆயுதபூஜை. பெல்ட்டெல்லாம் தளர்ந்து தொங்கும். எண்ணெய்ப் பிசுக்குத் துடைத்து, தவிடு தட்டி, மிஷின்கள் தலைக்குக் குளித்த பிள்ளைகள் மாதிரி நிற்கும். சந்தனக் கிண்ணத்தோடு என்னை விடுவார்கள். மோட்டாருக்கு ஒன்று, சல்லடைக்கு ஒன்று, தராசுக்கு ஒன்று, அம்மாவின் சேலையைத் தின்ற அந்தப் புல்லிக்கும் ஒன்று. ஏதாவது ஒன்றை விட்டுவிட்டால் அது வருடம் முழுக்கக் கோபித்துக்கொள்ளுமோ என்று, பொரி வாங்கிய பிறகும் இன்னொரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஆறாவது வாரத்தில் ஆயுதபூஜை வந்தது. இங்கே அது வெறும் வேலைநாள். முந்தின நாள் அப்பா போனில், "நீ வேல செய்யற மிஷினுக்கும் ஒரு பொட்டு வெச்சுடு பாப்பா. நாலு பேரு கைய வெக்கற எடம்" என்றார். வேலை நிரந்தரமாவதற்கு முன் ஆறு மாதச் சோதனைக்காலம் உண்டு, ப்ரோபெட்ஸைட் என்பார்கள். அந்தக் காலத்தில் காரணமே சொல்லாமல் அனுப்பிவிடலாம். வைக்கலாமா கூடாதா என்று யோசித்து, வைக்கக் கூடாது என்று முடிவு செய்து, காலையில் சந்தனத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

ஏழு மணி ஷிஃப்டுக்குக் கால் மணி முன்னால் போனதால் தளத்தில் ஆளில்லை, பாதி விளக்குதான் எரிந்தது. பசை மிஷின், கட்டு மிஷின், ஃபோர்க்லிஃப்ட் மூன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கடைசியாக அட்டை வெட்டும் பெரிய பிரஸ். அட்டையை உள்ளே தள்ளினால் மேலிருந்து கத்திப்பலகை இறங்கி, பெட்டி வடிவத்தில் வெட்டிவிட்டு ஏறும். அதன் வாய்க்கு இரண்டு பக்கமும் இரண்டு தூண்கள். ஒவ்வொரு தூணிலும், சரியாக என் கைக்கு எட்டும் உயரத்தில், கறுப்பு வளையத்துக்குள் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. இரண்டிலும் தாராளமாக வைத்தேன். அழகாக இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

ஏழரை மணிக்குக் கூத்து தொடங்கியது. அந்தப் பிரஸ்ஸை ஓட்டுகிறவர் கோரன். போஸ்னியாவிலிருந்து எப்போதோ வந்தவர், ஐம்பதைத் தாண்டியவர், பெரிய மீசைக்காரர். முதல் நாள் என் கைக்குப் பெரிதாக இருந்த கையுறையைப் பார்த்துவிட்டு, எங்கெங்கோ தேடி எனக்குச் சரியான அளவைக் கொண்டுவந்து தந்தவர். அவர் ஃபோர்க்லிஃப்டின் மேலிருந்த பொட்டைப் பார்த்தார், பசை மிஷினுடையதைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திப் பக்கத்து ஆளிடம் சொன்னார். "யாரோ ரகசியமா ஆய்வுக்கு வந்திருக்காங்க. குறி போட்டிருக்காங்க. மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. எல்லாத்துக்கும் சிவப்பு!"

பத்து நிமிடத்தில் அது தளம் முழுக்கப் போய்விட்டது. கழுத்தில் தொங்கிய காதடைப்புகள் எல்லாம் காதுக்குள் போயின. கண்ணாடி போடாதவர்கள் போட்டார்கள். வழியில் கிடந்த கட்டைகள் காணாமல் போயின. எங்கள் ஷிஃப்ட் தலைவி ஸபீனே, எப்போதும் நிமிர்ந்து வேகமாக நடக்கிறவர், மூன்று படி ஏறுவதற்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஆள் ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடித்தார், அரியலூர் பஸ் ஸ்டாண்ட் மாதிரி இருந்தது. நான் கட்டு மிஷினருகில் நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு, பயத்தையும் அடக்கிக்கொண்டு, எதை முதலில் அடக்குவது என்று தெரியாமல் விக்கல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதரை இடைவேளையில் எனக்கு வேறு பயம் வந்தது. சந்தனம் அந்தக் கண்ணாடியைக் கெடுத்துவிட்டால்? என் லாக்கரிலிருந்து அந்தச் சிறு புத்தகத்தை எடுத்து பிரஸ் பக்கத்தைத் திருப்பினேன். கோட்டுச்சித்திர மனிதன் வாய்க்குள் கையை விடுகிறான். இரண்டு தூணுக்கும் நடுவே ஒரு சிவப்புக்கோடு. அந்தக் கோட்டை நான் ஏதோ எல்லைக்கோடு என்று நினைத்திருந்தேன். மறுபடி அகராதி. கோடு என்பது கண்ணுக்குத் தெரியாத ஒளி. அது ஒரு கண்ணாடியிலிருந்து கிளம்பி எதிர்க் கண்ணாடியில் போய்ச் சேர்கிறது. கையோ வேறெதுவோ அதை மறைத்தால் மிஷின் உடனே நின்றுவிடும்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கண்களிலும் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். பிரஸ் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வினைச்சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று மறுபடி படித்தேன். 'நிற்கலாம்' என்று இருக்குமோ? 'நிற்கும்' என்றுதான் இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். மில்லில் மதியம் ஒரு மணி, பூஜை முடிந்து பொரி மென்றுகொண்டிருந்தார்.

"அப்பா, மிஷினுக்கு ரெண்டு கண்ணு இருக்கு. அதுல பொட்டு வெச்சுட்டேன்."

"கண்ணுலயா? நெத்தியில வெக்காம கண்ணுல ஏம்மா வெச்ச?"

"அது கண்ணுன்னு இப்பத்தான் தெரியும்ப்பா. கண்ண மறைச்சா மிஷினு நின்னுடும்னு போட்டிருக்கு. நிக்கலப்பா. காலையிலேருந்து ஓடுது."

மெல்லும் சத்தம் நின்றது. "அப்ப அதுக்குக் கண்ணு ஏற்கெனவே அவிஞ்சு போயிருக்கு. யாரு கைய வெக்கறா அதுல?"

"கோரன்னு ஒருத்தருப்பா. நல்லவரு."

"நீ என்னத்துக்கு என்கிட்ட பேசிக்கிட்டு நிக்கற?" என்றார் அப்பா. போனை அவரே வைத்துவிட்டார்.

நான் உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. தளத்துக்குத் திரும்பி, அட்டைகளைக் கட்டிக்கொண்டே யோசித்தேன். சொன்னால், அந்தச் சிவப்பு யார் வைத்தது என்று கேட்பார்கள். மிஷினைக் கெடுத்தவள் என்று வேலை போகும். இந்த ஊரில் எனக்கென்று கிடைத்த முதல் வேலை. ஒருவேளை புத்தகம் பழையதோ, இந்த மிஷினுக்கு வேறு பாதுகாப்பு இருக்குமோ? அவர்களுக்குத் தெரியாதா, எனக்கா தெரியப்போகிறது? கோரன் சீட்டியடித்துக்கொண்டே அட்டையைத் தள்ளினார். அட்டை கோணலாகப் போனால், வழக்கம்போல, பலகை ஏறும் அந்த இடைவெளியில் இடது கையை உள்ளே விட்டு நேராக்கினார். ஒளி காப்பாற்றும் என்ற நம்பிக்கையில் விடுகிற கை என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கே உண்மை தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாவது முறை கையை விட்டபோது அவருடைய சட்டைக்கையின் பொத்தான் கழன்று, துணி தொங்கியது. அதற்குமேல் எனக்கு யோசனை எதுவும் ஓடவில்லை. அந்தத் தொங்கும் துணிதான் தெரிந்தது.

"நில்லு! நில்லு!" என்று தமிழில் கத்திக்கொண்டு ஓடினேன். ஓடக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவசரத்துக்கு மிஷினை நிறுத்தவென்று தூணிலிருந்த சிவப்புக் குமிழை உள்ளங்கையால் அடித்தேன். ஒன்றுக்குப் பதில் மூன்றுமுறை அடித்தேன்.

அந்த நிசப்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். வரிசை முழுவதும் நின்றுவிட்டது. காதடைப்புகள் வெளியே வந்தன. கோரன் கையை எடுத்துக்கொண்டு, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கைப்பிடியைப் பிடிக்காமல் படியிறங்கி வந்தார் ஸபீனே.

"யார் நிறுத்தியது?"

"நான்."

"ஏன்?"

படித்த ஜெர்மன் அத்தனையும் பறந்துபோயிற்று. "கண்... மூடி. மிஷின்... ஓடுது" என்றேன். ஸபீனே தூணருகே குனிந்து பார்த்தார். முகம் மாறியது. புரிந்துவிட்டது. ஆனாலும் வரிசைப்படிதானே கேட்பார்.

"இந்தச் சிவப்பை வைத்தது யார்?"

"நான்."

"நீயா? எல்லாவற்றிலுமா? ஏன்?"

ஆயுதபூஜையை ஜெர்மனில் எப்படிச் சொல்வது? கலைமகளிலிருந்து தொடங்குவதா? "இன்றைக்கு மிஷினுக்கெல்லாம் பிறந்தநாள்" என்றேன்.

ஸபீனே யோசித்தார். பிறகு பிரஸ்ஸின் பக்கவாட்டில் பதித்திருந்த தகட்டைக் குனிந்து படித்துவிட்டு, மிக மரியாதையாகச் சொன்னார். "இல்லை. இதில் மார்ச் என்று போட்டிருக்கிறது."

முதலில் சிரித்தவர் கோரன். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் யார் சிரிக்கவில்லை என்று கேளுங்கள்.

மின்வல்லுநர் வந்து பிரஸ்ஸின் மின்பெட்டியைத் திறந்தார். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் கம்பித்துண்டு, கண்ணைப் பொய்யாக விழிக்க வைத்துக்கொண்டிருந்தது. அதை வைத்தது யார் என்று ஸபீனே கேட்குமுன் கோரனே கையைத் தூக்கினார். சிரிப்பு போயிருந்தது. "அட்டைத் தூசி கண்ணாடியில படிஞ்சு, அரை மணிக்கு ஒரு தடவை நின்னுச்சு. எத்தனை தடவை சொன்னேன்? யாரும் வரல. அதான் நானே..." தொங்கிய சட்டைக்கையின் பொத்தானை மாட்டப் பார்த்தார், ஒற்றைக் கையால் மாட்ட வரவில்லை. நான் போய் மாட்டிவிட்டேன்.

அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. கண்ணாடிகளின் தூசியை ஊதித்தள்ள ஒரு காற்றுக்குழாயும் பொருத்தினார்கள். அந்த ஒரு குழாய்க்குத்தான் அவர் அத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தாராம். எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. காட்டிக்கொடுத்தவள் என்று நினைப்பாரோ, இனிமேல் பேசமாட்டாரோ என்று செந்திலைத் தூங்கவிடாமல் புலம்பினேன். மறுநாள் காலை கோரன் பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு கேக்கோடு நின்றிருந்தார். நடுவில் ஒரு மெழுகுவத்தி எரிந்தது. "பிறந்தநாள்!" என்றார். சுற்றிலும் கூரை உயரத்துக்குக் காய்ந்த அட்டை. யாராவது வாழ்த்துச் சொல்லுமுன் நான் பாய்ந்துபோய் மெழுகுவத்தியை ஊதி அணைத்தேன். ஸபீனே என்னைப் பார்த்துவிட்டு, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். மற்றவர்கள் கேக்கையும் என் பையிலிருந்த பொரிகடலையையும் தின்றார்கள்.

அவர் என்ன எழுதினார் என்பது சோதனைக்காலம் முடிந்த அன்று தெரிந்தது. வேலை நிரந்தரமாயிற்று. தளத்தில் பாதுகாப்பைக் கவனித்துச் சொல்லும் தொழிலாளியாகவும் என்னை நியமித்திருந்தார்கள். அந்தப் பொறுப்புக்கு இங்கே ஸிஷர்ஹைட்ஸ்பெஆஃப்ட்ராக்டெ என்று பெயர். தொடங்கினால் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டுதான் முடிக்க முடியும். என் முதல் யோசனையை ஒப்புக்கொண்டார்கள்: வருடத்துக்கு ஒருநாள் எல்லா மிஷினையும் நிறுத்தி, திறந்து, துடைத்து, ஒவ்வொன்றின் கண்ணையும் மூடிப் பார்ப்பது. அந்த நாளுக்கு ஸபீனே ஒரு படிவம் தயாரித்தார். அதில் ஒரு வரி, பொட்டு வைக்கலாகாத இடங்கள்.

தலைக்கேறிவிட்டது எனக்கு. ஊரில் ஒருவரையும் விடவில்லை. பெரம்பலூர்ப் பக்கத்தில் மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்கும் என் மாமனாரை, கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் அடிக்கக் கூடாது என்று தினம் போனில் நச்சரித்தேன். "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டவர் ஒருநாள் படம் அனுப்பினார். போன விடுமுறைக்கு யாழினி விட்டுவிட்டு வந்த ரோஸ் நிற நீச்சல் கண்ணாடியைத் தலைப்பாகைக்கு மேல் இழுத்து மாட்டி, கையில் மருந்து பம்போடு விறைப்பாக நின்றிருந்தார். நல்லதுதான், ஆனால் காலில் செருப்பில்லை என்று எழுதினேன்.

புதுப் பொறுப்புக்கு இரண்டு மஞ்சள் மேலங்கி தந்தார்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள், முதுகு முழுவதும் அந்த நீளமான சொல். ஸபீனேயிடம் கேட்டுக்கொண்டு ஒன்றை அம்மாவுக்கு அனுப்பினேன். பெல்ட்டைச் சுற்றிக் கம்பிவலை அடிக்க மில் முதலாளியிடம் அப்பா பேசிக்கொண்டிருக்கிறார், அது வரும்வரை இதாவது இருக்கட்டும் என்று. பார்சல் போய்ச் சேர்ந்த அன்று வீடியோவில் கூப்பிட்டாள். களத்தில் நின்றிருந்தாள். சேலைமேல் அப்பாவின் சட்டை, சட்டைமேல் என் மேலங்கி. நெல்லைவிட மஞ்சளாக இருந்தாள். ஒரு சுற்றுச் சுற்றி முதுகைக் காட்டினாள்.

"முதுவுல என்னடி இவ்ளோ எழுதியிருக்கு? பஸ்ஸு போர்டு மாதிரி!"

"நீ பாதுகாப்பா இருக்கியான்னு பாக்கற ஆளுன்னு அர்த்தம்மா."

"என்னையவா?"

"எல்லாரையும்."

தன் மேலங்கியின் முனையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு, "நீ போட்டிருக்கறது புதுசுதானே? முனையில மஞ்ச தடவினியா?" என்றாள். புதுத்துணியை அப்படியே உடுத்தக் கூடாது அவளுக்கு.

தடவியிருந்தேன். அதைப் போட்ட முதல் நாள் காலை, செந்தில் சிரிக்காத நேரம் பார்த்து, சமையலறையில் ஒரு சிட்டிகை மஞ்சளைத் தண்ணீரில் நனைத்து உள்முனையில் தடவினேன். வேலைக்குக் கிளம்பி வாசல் வரை போனவள், தடவினேனா என்று திரும்பி வந்து பார்க்கவும் செய்தேன்.

"எங்க, காட்டு?"

முனையைத் தூக்கிக் காமிராவுக்கு அருகில் பிடித்தேன். அம்மா அங்கே கண்ணைச் சுருக்கி, போனைக் கிட்டே கொண்டுபோய், தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியலையேடி."

நானும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இருந்தது, எங்கோ இருந்தது. மஞ்சள்மேல் மஞ்சள். அவர்களுடையது எங்கே முடிந்து எங்களுடையது எங்கே தொடங்குகிறது என்று, தடவிய விரலுக்கே தெரியவில்லை.